ஐந்து சொற்கள்

பால்டிக் கடலோரம், கிளைபெடா.
மருத்துவமனையின் மூன்றாம் மாடியில்
ஞாபகத்தை அளப்பது என் வேலை.
ஐந்து சொற்கள் சொல்வேன்.
கடிகாரம் ஒன்று வரையச் சொல்லி
இரண்டே காலுக்கு முள் வைக்கச் சொல்வேன்.
நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வேன்.
பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல்,
அந்த ஐந்து சொற்கள் எவை?

ரிம்விதாஸ்
பரீட்சைக்கு வரும் பையனைப் போல
கூர் சீவிய இரண்டு பென்சிலோடு வந்தார்.
துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருடம்
கிரேன் ஓட்டியவர்.
கோட்டுப் பையில் வால்நட்.
"பாருங்கள், அச்சு அசல் மூளை.
குறிப்பு எழுதித்தான் படைத்திருக்கிறான்"
என்று எனக்கும் ஒன்று நீட்டினார்.
அப்படியானால் அவரைக்கொட்டை எதற்கு,
முருங்கிய கேரட் எதற்கு என்று
நான் கேட்கவில்லை. வாங்கித் தின்றேன்.

இடது கையால் பல் தேய்க்கிறாராம்.
ஈறு கிழிந்தாலும் விடுவதில்லை,
தூங்கும் பாதி விழித்துக்கொள்ளுமாம்.
மூளையில் பத்தில் ஒரு பங்கைத்தான்
மனிதன் பயன்படுத்துகிறான் என்று
முடிவெட்டும் கடையில் கேட்ட நாள்முதல்
மிச்சம் ஒன்பதைத் தேடுகிறார்.
காலையில் சுடோகு. மாலையில் சுடோகு.
தூக்கம் வராத இரவில்
அதற்கும் சுடோகு.
ஞாயிற்றுக்கிழமை மேசையில்
மகள் வீட்டார் பேசிச் சிரிக்கும்போதும்
கட்டங்களில் குனிந்தே இருப்பார்.

"இத்தனை செய்தும் கரைகிறார்" என்றாள்
மனைவி டாங்குவோலே,
கைப்பை வாரை முறுக்கியபடி.
"சொன்னது எதுவும் நிற்பதில்லை.
மூன்று வருடமாக."

சொன்னேன்:
கப்பல், அலை, மணி, உப்பு, பாலம்.
தலையாட்டினார்.
கடிகாரத்தில் குறையில்லை.
சின்ன முள் இரண்டைத் தாண்டி
இம்மி நகர்ந்துகூட இருந்தது.
தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது,
கன்டெய்னர் இறக்குவதுபோல்
ஒவ்வொன்றாய், ஆடாமல், இறக்கினார்.

"இப்போது அந்த ஐந்து?"

"கம்பளி, இலை, மணல், உடுப்பு, பழம்."

பூஜ்யம் போடப் பேனாவை இறக்கிவிட்டேன்.
என்னவோ உறுத்தியது.
வானிலை பேசினேன், பேரன் படிப்பைக் கேட்டேன்,
மறுபடி கேட்டேன்.
கம்பளி, இலை, மணல், உடுப்பு, பழம்.
வரிசைகூட மாறவில்லை.

தாளைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டு
"உங்கள் ஷூ கயிறு அவிழ்ந்திருக்கிறது" என்றேன்.
அன்பாகச் சிரித்தார்.
"ஆமாம், இன்று நல்ல காற்று."

டாங்குவோலே என்னைப் பார்த்தாள்.
நான் அவளைப் பார்த்தேன்.
இரும்பின்மேல் இரும்பு விழும் சத்தத்தில்
முப்பத்தெட்டு வருடம்.
கரைக்கே வராத சரக்கை
எந்தக் கிடங்கில் போய்த் தேடுவது?

"காது மிஷினா? அது கிழவர்களுக்கு.
மூளைக்கு மாத்திரை இருந்தால் எழுதுங்கள்."
எழுபத்தாறு வயது அவருக்கு.

காது கேட்டால் மூளை தப்பிக்கும் என்று
நான் சத்தியம் பண்ணவில்லை.
யாரால் முடியும்?
நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் மேசையில்
சரியான இடத்தில் சிரிப்பது
சுடோகுவைவிடக் கஷ்டமான கணக்கு
என்று மட்டும் சொன்னேன்.
அதையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஏப்ரலில் வந்தார்கள்.
காதுக்குப் பின்னால் கொட்டைப்பாக்கு அளவில் ஒன்று.
"ஃபிரிட்ஜ் முனகுகிறது.
செய்தித்தாள் மொறமொறவென்கிறது, தாங்கவில்லை.
கடல்காகங்கள் இந்த ஊரை விட்டே
போய்விட்டன என்று நினைத்திருந்தேன்."

டாங்குவோலேக்கு வேறு கவலை.
"முதுகுக்குப் பின்னால் நின்று
இஷ்டம்போல் திட்டிக்கொண்டிருந்தேன்.
இப்போது திரும்பிப் பார்க்கிறார்."
சொல்லும்போது காது சிவந்தது, அவளுக்கு.

புதிதாக ஐந்து சொன்னேன்.
நான்கு வந்தன.
ஐந்தாவதைக் கூரையில் தேடினார்,
கோட்டுப் பையில் தேடினார்,
ஒரு வால்நட்டை எடுத்து வைத்துவிட்டு
"போகட்டும்" என்றார்.

நானும்தான்.
தாளைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.